ஊவாவுக்கு உருவளித்த தேசாதிபதி: சேர் ஆதர் கோர்டன்

ஊவா மாகாணம் என்று இன்று நாம் வழங்கும் நிலப்பரப்பு 1886-ஆம் ஆண்டுக்கு முன்னர் அப்பெயருடைய தனி மாகாணமாக இருந்ததில்லை. 1833-இல் கோல்புறூக் ஆணைக்குழுவினரின் விதப்புரைப்படி இலங்கை ஐந்து மாகாணங்களாக வகுக்கப்பட்டபோது, பழைய கண்டி இராச்சியத்தின் பகுதிகள் துண்டாடப்பட்டுக் கரையோரப் பகுதிகளுடன் இணைக்கப்பட்டன. பின்னர் பதுளைச் சீமை மத்திய மாகாணத்தின் ஒரு கோடியாயிற்று. அதன் தலைவிதியை நிர்ணயிக்கும் அரசாங்க அதிபர் கண்டியில் இருந்தார். இடையே மலைத்தொடர்கள் நின்றன. இச்சீமையைத் தனி மாகாணமாக்கிப் பதுளையை அதன் தலைநகராக்கியவர், 1883 முதல் 1890 வரை இலங்கையின் தேசாதிபதியாக விளங்கிய சேர் ஆதர் ஹமில்டன் கோர்டன் ஆவர். அவர் வாழ்க்கை நம் மாணவர் அறிந்திருக்க வேண்டியது. அதில் போற்றத்தக்கனவும் உள. ஆராய்ந்து வருந்தத்தக்கனவும் உள.

கோர்டன் 1829-ஆம் ஆண்டு நவம்பர் 26-ஆம் நாள் பிறந்தார். தந்தையார் பிற்காலத்தில் பிரித்தானியப் பிரதமராயிருந்த அபர்டீன் பிரபு. கேம்பிரிட்ஜ் திரினிற்றிக் கல்லூரியிற் பயின்று, தந்தையாருக்குச் செயலாளராகப் பணிபுரிந்து, சிறிது காலம் பாராளுமன்றத்திலும் அமர்ந்தார். 1861-இல் கனடாவின் நியூ பிரன்சுவிக் நாட்டை ஆளச் சென்ற அவர், அடுத்த முப்பது ஆண்டுகளிற் பெரும்பகுதியைக் குடியேற்ற நாடுகளிலேயே கழித்தார்.

அவர் இலங்கையிற் செய்தவற்றை விளங்கிக்கொள்ள, அவர் கடந்துவந்த மூன்று தீவுகளை நாம் நோக்குதல் வேண்டும். 1866-இல் திரினிடாட் தேசாதிபதியான அவர், முடிக்குரிய காணிகளைச் சிறு துண்டுகளாக ஏழைகள் வாங்க வழிசெய்தார். ஒப்பந்தக் கூலிகளாக வந்து தவணை முடித்த இந்தியருக்கு, ஊர் திரும்பும் கப்பற் செலவுக்கு ஈடாகக் காணி வழங்கும் முறை 1869-ஆம் ஆண்டளவில் அங்கு தொடங்கியது. கூலியாய் வந்தவன் குடியானவனாகும் வாயில் அதனால் திறந்தது. 1871-இல் மொரீசியஸ் சென்றபோது, அங்குள்ள இந்தியத் தொழிலாளர் தம் இன்னல்களை முறையிட்டு ஆயிரக்கணக்கிற் கையொப்பமிட்ட விண்ணப்பம் அவர் முன் வந்தது. கரும்புத் தோட்டக்காரரின் சினத்தைப் பொருட்படுத்தாது, அரச ஆணைக்குழு விசாரணைக்கு அவர் துணைநின்றார்.

1875-இல் பீஜியின் முதல் தேசாதிபதியானார். பழங்குடியினரின் காணி அந்நியருக்கு விற்கப்படுவதைத் தடுத்தார். அவர்தம் தலைவர்களைக் கொண்டே கிராமங்களை ஆண்டார். இன்றும் பீஜியின் காணியில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் பழங்குடியினரிடமே உள்ளதெனின் அதற்கு அவர் இட்ட அடித்தளமே காரணம். ஆயின் பீஜியரைத் தோட்டவேலைக்கு இழுக்கலாகாது என்று காத்த அதே கை, அவ்வேலைக்கு இந்தியரை வரவழைத்தது. 1879-இல் லியோனிடாஸ் என்னும் கப்பல் முதற் கூட்டத்தை அங்கு இறக்கியது. 1916 வரை அறுபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் அவ்வழியே சென்றனர். ஊர் மக்களுக்குக் காப்பு, வந்த மக்களுக்கு உழைப்பு என்னும் இப்பாகுபாடு இலங்கையிலும் அவரைத் தொடர்ந்தது.

1883-ஆம் ஆண்டு இறுதியில் அவர் கொழும்பில் வந்திறங்கியபோது நாடு பெருந் துயரில் ஆழ்ந்திருந்தது. 1869-இல் ஊவாவின் மடுல்சீமையில் முதன்முதற் காணப்பட்ட கோப்பி இலைநோய், பதினைந்தாண்டுகளில் மலைநாட்டுக் கோப்பிப் பயிர் முழுவதையும் அழித்துக்கொண்டிருந்தது. 1884-ஆம் ஆண்டு மே மாதம் ஓரியண்டல் வங்கி முறிந்தது. நாட்டிற் புழங்கிய தாள் நாணயத்தின் பெரும்பகுதி அவ்வங்கி வெளியிட்டதே. மக்கள் கையிலிருந்த தாள் ஒரே நாளில் வெறுங் காகிதமாகும் ஆபத்து நேர்ந்தது. கோர்டன் துணிந்து அத்தாள்களுக்கு அரசாங்கம் பொறுப்பேற்கும் என அறிவித்தார். அடுத்த ஆண்டு தொடக்கம் அரசாங்கமே நாணயத்தாள் வெளியிட்டது. மூடப்பட்ட தோட்டங்களிற் கூலி பெறாது நின்ற தொழிலாளர் பொருட்டு, தோட்டத்தின் மீதுள்ள கடன்கள் யாவற்றுக்கும் முன்னதாகக் கூலிப் பாக்கியைத் தீர்க்க வேண்டுமென்ற சட்டமும் 1884-இல் வந்தது. தோட்டத் தொழிலாளரின் உரிமைக்காக அவர் ஆட்சியில் நடந்த நற்செயல் இதுவெனலாம்.

இனி ஊவாவுக்கு வருவோம். 1818-ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை அடக்கிய பிரித்தானியப் படை, ஊவாவிலும் வெல்லஸ்ஸவிலும் வயல்களையும் களஞ்சியங்களையும் எரித்து, கால்நடைகளை அழித்து, நீர்ப்பாசன வேலைகளைச் சிதைத்தது. நூறாயிரம் வயல்கள் என்னும் பொருளுடைய வெல்லஸ்ஸ காடாயிற்று. எழுபதாண்டுகள் கடந்தும் அப்புண் ஆறவில்லை. பதுளை, பசறை, மடுல்சீமை, அப்புத்தளை மலைகளிற் கோப்பித் தோட்டங்கள் எழுந்தபோதும், தாழ்நிலத்துக் கிராமங்கள் வறுமையிலேயே கிடந்தன. தொலைவில் இருக்கும் ஒருவரால் இத்தகைய நிலத்தைத் தேற்ற இயலாது என்பதைக் கோர்டன் கண்டார். 1886-இல் ஊவா மாகாணம் பிறந்தது. பதுளைக் கச்சேரி தனி அரசாங்க அதிபரின் இருப்பிடமாயிற்று. 1889-இல் சப்பிரகமுவவும் தனி மாகாணமாகவே, மாகாணங்களின் எண்ணிக்கை ஒன்பதாயிற்று. அவ்வொன்பதே இன்றுவரை நிலைக்கின்றன.

மாகாணம் ஒன்றை வரைபடத்திற் கோடிட்டு அமைத்தல் எளிது. அதை நடைமுறையிற் பயன்தரச் செய்தலே அரிது. அதற்குக் கோர்டன் கைக்கொண்ட வழி மூன்று. முதலாவது, முடிவெடுக்கும் அதிகாரியை மக்களுக்கருகே இருத்தியது. இரண்டாவது, பணத்தை ஒதுக்கியது. 1887-இல் மத்திய நீர்ப்பாசனச் சபையும் மாகாண நீர்ப்பாசனச் சபைகளும் அமைக்கப்பட்டு, நெல்வரி வருமானத்தில் நாலிலொரு பங்கு நீர்ப்பாசன வேலைகளுக்கென ஒதுக்கப்பட்டது. திறைசேரியில் மிஞ்சினாற் பார்ப்போம் என்னும் நிலை மாறியது. மூன்றாவது, ஊராரின் உழைப்பையும் அரசின் உதவியையும் பிணைத்தது. சிறுகுளங்களில் மண்வேலையை ஊரார் செய்ய, கல்மதகை அரசாங்கம் கொடுக்கும் முறை முன்பே தோன்றியிருந்தது. அதனை அவர் ஊக்கினார். கிராமச் சங்கங்களுக்கான சட்டமும் 1889-இல் ஒழுங்குபடுத்தப்பட்டது.

புகையிரதப் பாதையும் அவர் கவனத்தைப் பெற்றது. 1885-இல் நானுஓயாவில் நின்றுவிட்ட பாதையை ஊவாவுக்கு நீட்ட இலண்டன் பெரிதும் தயங்கியது. பல ஆண்டு வாதாட்டத்தின் பின் அவர் காலத்திலேயே அதற்கு இசைவு கிடைத்தது. 1893-இல் அப்புத்தளையையும் 1894-இல் பண்டாரவளையையும் புகையிரதம் எட்டியது; பதுளைக்கு வந்து சேர 1924 வரை ஆயிற்று. கோப்பி மாண்ட மலைகளில் தேயிலை தழைக்க அப்பாதை பெருந்துணை புரிந்தது.

இத்துணையும் போற்றிய நாம் மறுபுறத்தையும் நோக்கல் வேண்டும். குளம் திருத்தப் பணந்தந்த அதே நெல்வரி, அதைச் செலுத்த இயலாத ஏழை உழவரின் வயல்களை ஏலத்திற்கும் கொண்டுவந்தது. அவ்வரியைக் கோர்டன் நீக்கவில்லை; அவருக்குப் பின் வந்த ஹவ்லொக் தேசாதிபதி காலத்தில், 1892-இல், அது ஒழிக்கப்பட்டது.

அதனினும் பெரிய குறை தோட்டங்களைப் பற்றியது. தேசாதிபதியின் திட்டத்தில் மாகாணத்து மக்கள் எனப்பட்டோர் கிராமத்தவரே. பக்கத்து மலையில் லயங்களில் வதிந்த தமிழ்த் தொழிலாளர், தோட்டத் துரையின் பொறுப்பு என விடப்பட்டனர். குளமும் கிராமச் சங்கமும் அவர்களுக்கு உரியனவல்ல. முன்னறிவித்தலின்றி வேலையை விட்டகன்ற தொழிலாளியைச் சிறையிலிடும் 1865-ஆம் ஆண்டுச் சட்டம் அவர் காலத்திலும் நின்றது; அத்தண்டனைப் பிரிவுகள் 1921-இலேயே நீக்கப்பட்டன. திரினிடாட்டில் இந்தியருக்குக் காணி கொடுத்தவர், மொரீசியஸில் அவர் முறையீட்டுக்குச் செவிசாய்த்தவர், ஊவாவில் அவர்களைக் குடிகளாக எண்ணவில்லை. கங்காணியின் பின்னே வந்து, வேலை முடிந்ததும் ஊர் திரும்பிவிடுவர் என்ற நினைப்பே இதற்கு ஏதுவாயிருக்கலாம். ஆயின் தேயிலை, கோப்பியைப் போலன்றி ஆண்டு முழுவதும் கொய்யப்படுவது. அது தொழிலாளரை மலையிலேயே நிலைகொள்ளச் செய்தது. நிலைமை மாறியும் எண்ணம் மாறவில்லை.

அன்று விழுந்த கோடு நெடுங்காலம் அழியாதிருந்தது. 1937-இல் கிராமச் சங்கச் சட்டம் திருத்தப்பட்டபோது தோட்டங்களில் வதிந்த தொழிலாளர் வாக்குரிமைக்குப் புறம்பாக்கப்பட்டனர். 1948-ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. எஞ்சியிருந்தோரின் பிரசாவுரிமை 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே தீர்ந்தது. 1987-ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்திலும், சபையின் நிதி தோட்டப்புறங்களைச் சென்றடையத் தடையாய் நின்ற பிரிவொன்று இருந்தது. 2018-இலேயே அது திருத்தப்பட்டது. பிரதேச சபையின் வீதி தோட்டத்து எல்லையில் வந்து நின்றதற்கு இவ்வாறு ஒரு நூற்றாண்டுப் பழமையுண்டு.

1890-இல் இலங்கையை விட்டேகிய கோர்டன், 1893-இல் ஸ்டன்மோர் பிரபுவாகி, தந்தையாரின் சரிதத்தையும் எழுதி, 1912-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் நாள் காலமானார். கொழும்புக் கோட்டையில் ஒரு பூந்தோட்டம் அவர் பெயரைத் தாங்கியது. ஊவா மாகாணமோ அவர் பெயரைத் தாங்காத, ஆயின் அவற்றினும் பெரிய நினைவுச் சின்னம்.

நம் கல்லூரியிற் பயின்றோருட் பலர் கச்சேரிகளிலும், பிரதேச செயலகங்களிலும், தோட்ட நிருவாகத்திலும், பாடசாலைகளிலும் பணிபுரிகின்றனர். இன்றைய மாணவருட் பலர் நாளை அங்கு அமர்வர். அவர்கட்கு இச்சரிதம் உணர்த்துவது ஒன்றுண்டு. அபிவிருத்தித் திட்டம் எதுவாயினும், அலுவலர் அருகிலிருத்தல், நிதி உறுதியாயிருத்தல், ஊரார் பங்குகொள்ளல் என்னும் மூன்றும் அமைந்தால் அது நிறைவேறும். இதனைக் கோர்டன் செய்து காட்டினார். ஆயின் ஊரார் எனப்படுவோர் யாவர் என்ற கேள்வி அம்மூன்றுக்கும் முந்தியது. பெயர்ப்பட்டியலில் விடுபட்டவனை எத்துணைச் சிறந்த திட்டமும் சென்றடையாது. எழுதுகோலைக் கையிலெடுக்குமுன் அப்பட்டியலை ஒருமுறை சரிபார்த்தல் ஊவாவின் மைந்தர் ஒவ்வொருவர்க்கும் கடனாகும்.