ஜூன் 21-ஐக் கொண்டாடும் விக்கா மதம்: தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்த ஜெரால்ட் கார்ட்னர் யார்?

ஜூன் 21 நண்பகலில் தர்மபுரியில் வெயிலில் நின்று பாருங்கள். உங்கள் நிழல் தெற்குப் பக்கம் விழும். சூரியன் உச்சந்தலையைத் தாண்டி வடக்கே போய்விட்டதுதான் காரணம். வடகோளத்தில் ஆண்டின் மிக நீளமான பகல், அதாவது கோடைக் கதிர்த்திருப்பம், அந்த நாளையொட்டித்தான் வருகிறது.

ஆனா, நம்ம ஊர்ல அது பெரிசா தெரியாது. தர்மபுரியில் அன்றைய பகல் சுமார் 12 மணி 50 நிமிடம். டிசம்பரின் மிகக் குட்டிப் பகலைவிட ஒன்றரை மணி நேரம்கூட அதிகம் இல்லை. லண்டனில் இந்த வித்தியாசம் கிட்டத்தட்ட 9 மணி நேரம். இருட்டான குளிர்காலத்தைக் கடந்து வருபவர்களுக்கு இந்த நாள் ஏன் பண்டிகை ஆனது என்பது இப்போது புரியும். தீ மூட்டி, விடியும்வரை விழித்திருந்து இதைக் கொண்டாடுபவர்களில் விக்கா மதத்தினரும் உண்டு. அந்த மதத்தை உலகுக்கு அறிமுகப்படுத்தியவர் ஜெரால்ட் கார்ட்னர்.

இலங்கையில் 16 வயதில்

1884-ல் இங்கிலாந்தின் லங்காஷயரில், வசதியான மர வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவர் கார்ட்னர். சின்ன வயதிலேயே ஆஸ்துமா. பள்ளிப் படிப்பு இல்லை; வாசிக்கவே தானாகத்தான் கற்றுக்கொண்டார். 1900-ல் இலங்கை மலையகத்துக்கு வந்து தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தார். அங்கே கொழுந்து பறித்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். தர்மபுரியும் சேர்ந்திருந்த அன்றைய சேலம் மாவட்டத்தில் இருந்தும் மக்கள் பிழைப்புக்காகக் கடல் கடந்த காலம் அது.

பிறகு போர்னியோ, மலாயா. ரப்பர் தோட்டம், சுங்கத்துறை என வேலைகள் மாறின. உள்ளூர்ச் சடங்குகள் மீது அவருக்கு இருந்த ஆர்வம் மட்டும் மாறவில்லை. மலாய் மக்களின் கிரிஸ் கத்திகளைப் பற்றி ஒரு நூலே எழுதினார். 1936-ல் ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பினார்.

சட்டம் போனது, மதம் வந்தது

1939-ல் நியூ ஃபாரஸ்ட் பகுதியில் ஒரு ரகசியக் குழு தன்னைச் சேர்த்துக்கொண்டதாகவும், அது கிறிஸ்தவத்துக்கு முந்தைய மதத்தின் மிச்சம் என்றும் கார்ட்னர் சொன்னார். அப்போது பிரிட்டனில் 1735-ம் ஆண்டின் சூனியச் சட்டம் அமலில் இருந்தது. அதனால் 1949-ல் தன் கருத்துகளை நாவலாகவே வெளியிட்டார். 1951-ல் அந்தச் சட்டம் ரத்தானது. 1954-ல் வெளிப்படையாகவே புத்தகம் எழுதினார். பரபரப்புப் பத்திரிகைகள் விளாசின.

அவர் சொன்னது உண்மையா? பழங்காலத்தில் இருந்து அறுபடாமல் வந்த மதம் என்பதை இன்றைய வரலாற்று ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஏற்பதில்லை. ஃப்ரீமேசன் சடங்குகள், அலைஸ்டர் குரோலியின் எழுத்துகள், மார்கரெட் மர்ரேயின் கோட்பாடு எனப் பல இடங்களில் இருந்து எடுத்துக் கோத்தது என்கிறார்கள்.

கதிர்த்திருப்ப விழா எப்போது வந்தது?

1953 கோடைக் கதிர்த்திருப்பத்தின்போது டோரீன் வேலியன்டே என்ற பெண்ணுக்கு கார்ட்னர் தீட்சை அளித்தார். ஸ்டோன்ஹெஞ்சில் ட்ரூயிட்கள் நடத்தும் சடங்குக்குத் தன் வாளை இரவல் கொடுக்கப் போகும் வழியில் நடந்தது அது. விக்காவின் பல வழிபாட்டு உரைகளை எழுதியவர் இந்த வேலியன்டேதான்.

ஆனால், தொடக்கத்தில் விக்காவின் பெரிய விழாக்கள் நான்குதான். கதிர்த்திருப்பம் அதில் இல்லை. 1950-களின் இறுதியில் லண்டனுக்கு வடக்கே பிரிக்கெட் வுட்டில் இருந்த குழுவினர், அதற்கும் சம அந்தஸ்து வேண்டும் என்று கேட்டார்கள். கார்ட்னர் சம்மதித்தார். லித்தா என்ற பெயர் அவர் மறைந்து பத்து ஆண்டுகள் கழித்து, 1970-களில் அமெரிக்காவில் சூட்டப்பட்டது. ஆக, பழமையானது என்று பலர் நம்பும் இந்த விழா, இப்போதைய வடிவில், நம் தாத்தா பாட்டியைவிட இளையது.

இன்னொன்றும் உண்டு. சூனியக்காரர் என்ற பட்டத்தை கார்ட்னர் தானாக விரும்பிச் சூட்டிக்கொண்டார். வசதியும் சட்டமும் அவருக்குத் துணை இருந்தன. அதே பட்டத்தை ஊரே சேர்ந்து ஒரு பெண்மீது சுமத்தும்போது அது உயிரையே பறிக்கிறது. அதைத் தடுக்க ஜார்க்கண்ட் 2001-ல் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது.

1964 பிப்ரவரியில், லெபனானில் இருந்து திரும்பும் வழியில் கப்பலிலேயே கார்ட்னர் இறந்தார். உடல் துனிஸ் நகரில் அடக்கம் செய்யப்பட்டது.