காத்திருப்பைக் கணக்கிட்டவர்

நுழையும்முன்

பேச்சு காத்திராது, கடிதம் காத்திருக்கும். இவ்விரண்டையும் ஒரே வலையமைப்பில் இடையூறின்றிச் செலுத்துவது இன்றைய தகவல் தொழில்நுட்பத்தின் அன்றாடப் பணி. அதற்கு அடிப்படையான கணிதத்தை இணையம் தோன்றுவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே வகுத்தளித்த அறிஞர் ஒருவரின் வாழ்வைக் கூறுவது இப்பாடம்.

இளமையும் கல்வியும்

டென்மார்க் நாட்டின் யூட்லாந்துப் பகுதியில் உள்ள லோன்போர்க் என்னும் சிற்றூரில், 1878ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் அக்னர் கிராருப் எர்லாங் பிறந்தார். தந்தை அவ்வூர்ப் பள்ளியின் ஆசிரியர். எர்லாங் தம் 14ஆம் வயதில், உரிய வயது நிரம்பாமையால் தனி இசைவு பெற்று, கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தின் முதல்நிலைத் தேர்வை எழுதிச் சிறப்புடன் தேறினார். ஆயினும் உடனே பல்கலைக்கழகம் புகவில்லை. ஊர் திரும்பித் தந்தையின் பள்ளியில் ஈராண்டுகள் கற்பித்தார். 1896இல் உதவித்தொகை பெற்றுப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, கணிதத்தை முதன்மைப் பாடமாகப் பயின்று 1901இல் பட்டம் பெற்றார். அதன்பின் ஏழாண்டுகள் பள்ளி ஆசிரியராகப் பணிபுரிந்தார்.

தொலைபேசி நிறுவனத்தில்

டென்மார்க் கணிதச் சங்கக் கூட்டங்களில் யோகான் யென்சன் என்னும் கணித அறிஞரின் நட்பு அவருக்குக் கிட்டியது. யென்சன் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தின் தலைமைப் பொறியாளருமாவார். அவர் வழியாக எர்லாங் 1908இல் அந்நிறுவனத்தில் சேர்ந்தார்.

அங்கே விடை காண வேண்டிய வினா ஒன்று இருந்தது. ஓர் இணைப்பகத்திற்கு எத்தனை கம்பிகள் வேண்டும்? குறைந்தால், மருத்துவரை அழைப்பவருக்கும் இணைப்புக் கிட்டாது. மிகுந்தால், வீண் செலவு மக்களின் கட்டணத்தில் ஏறும். அழைப்புகள் முன்னறிவிப்பின்றி வருபவை. அவற்றைக் கணக்கில் அடக்குவது எங்ஙனம்?

எர்லாங் அறைக்குள் அமர்ந்து கணக்கிட்டவர் மட்டும் அல்லர். ஏணி சுமந்து வரும் பணியாளர் ஒருவருடன் கோபன்ஹேகன் தெருக்களில் சென்று, நிலத்தடிக் குழிகளுள் தாமே இறங்கி அளவீடுகள் செய்தார். ஒன்றையொன்று சாராமல் வரும் அழைப்புகளும் நிகழ்தகவு விதி ஒன்றுக்கு உட்பட்டவையே என்பதை 1909இல் வெளியிட்ட கட்டுரையில் நிறுவினார்.

இரு வாய்பாடுகள்

1917இல் வெளியான அவருடைய கட்டுரை இரு நிலைகளை ஆராய்ந்தது. கம்பிகள் அனைத்தும் பயன்பாட்டில் இருக்கும்போது வரும் அழைப்பு திருப்பி அனுப்பப்படுவது ஒன்று. வரிசையில் காத்திருப்பது மற்றொன்று. முன்னதில் எத்தனை அழைப்புகள் இழக்கப்படும் என்பதையும், பின்னதில் காத்திருக்க நேரும் வாய்ப்பையும் அவர்தம் வாய்பாடுகள் கூறின.

இவ்வாய்பாடுகளால் புலப்படும் உண்மை ஒன்று வியப்புக்குரியது. ஒரு மணி நேரத்திற்குச் சராசரியாக 60 நிமிட உரையாடலுக்கான அழைப்புகள் ஒரே கம்பியை நாடினால், 100 அழைப்புகளில் 50 இழக்கப்படும். அத்தகைய பத்துக் கம்பிகளையும் அவற்றின் அழைப்புகளையும் ஒன்றாக இணைத்தால், இழப்பு 100க்கு ஏறத்தாழ 21 எனக் குறைகிறது. கம்பி ஒன்றுகூடக் கூடவில்லை. பகிர்வே பயன் தந்தது.

பேச்சும் தரவும் ஒரே வழியில்

குரலுக்கும் தரவுக்கும் தனித்தனி வலையமைப்பு அமைக்காமல் இரண்டையும் ஒன்றில் இணைப்பதன் பொருளியல் இதுவே. ஆனால், பகிர்வு முறையின்றி அமைந்தால் பேச்சு சிதையும். பேசுபவரின் குரல் 150 மில்லிநொடிக்குள் கேட்பவரைச் சென்றடைவது நல்லது. மின்னஞ்சல் சில நொடிகள் தாமதித்தாலும் குறையில்லை. எனவே, திசைவிகள் குரல் பொதிகளுக்கு முதலிடம் தந்து, எஞ்சிய இடைவெளிகளில் கோப்புகளை அனுப்புகின்றன. எந்த அளவுக்கு மேல் புதிய அழைப்பை ஏற்கலாகாது, எவ்வளவு நேரம் தரவு காத்திருக்கும் என்பவற்றை, எர்லாங் இட்ட அடித்தளத்தின் மீதே பின்வந்த அறிஞர்கள் கணக்கிட்டனர்.

எளிய வாழ்வு

எர்லாங் திருமணம் செய்துகொள்ளவில்லை. நூல்களைத் தேடிச் சேர்ப்பதும், உதவி நாடி வந்த எளியோருக்குப் பொருளுதவி செய்வதும் அவர் இயல்புகள். ஏறத்தாழ 20 ஆண்டுகள் ஒரே நிறுவனத்தில் உழைத்த அவர், 1929 பிப்ரவரி 3ஆம் நாள் தம் 51ஆம் வயதில் மறைந்தார். 1946இல் தொலைபேசிப் போக்குவரத்தை அளக்கும் அலகுக்கு எர்லாங் என்னும் பெயரைப் பன்னாட்டுக் குழு ஏற்றது. ஒரு கம்பி இடைவிடாது பயன்பாட்டில் இருந்தால், அதன் அளவு ஓர் எர்லாங்.