விடைகள் நிறைந்த குறிப்பேடு

படிவம் ஒன்றில் கணிதம் பயிலும் மாணவர்கள் காரணிகள், மடங்குகள் ஆகியவற்றை ஓர் அலகிலும் வர்க்கம், வர்க்கமூலம், கனம், கனமூலம் ஆகியவற்றை அடுத்த அலகிலும் கற்கின்றனர். வீட்டுப்பாடப் புத்தகத்தில் விடையை மட்டும் எழுதிக்கொண்டு வரும் மாணவரிடம், செய்முறை எங்கே என்று ஆசிரியர் கேட்பது பீடோங்கிலும் சரி, சுங்கைப்பட்டாணியிலும் சரி, வகுப்பறைகளில் நாளும் நடப்பதுதான். 1913ஆம் ஆண்டு இதே கேள்வியை இங்கிலாந்தின் தலைசிறந்த கணித அறிஞர் ஒருவர், சென்னைத் துறைமுகத்தில் வேலை பார்த்த ஓர் எழுத்தரிடம் கேட்டார். அந்த எழுத்தரின் பெயர் சீனிவாச இராமானுஜன்.

இராமானுஜன் 1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் ஈரோட்டில் தம் பாட்டி வீட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில், சாரங்கபாணி சன்னிதித் தெருவில் இருந்த ஒரு சிறிய வீட்டில். தந்தை சீனிவாச ஐயங்கார் துணிக்கடை ஒன்றில் கணக்கு எழுதி வந்தார். தாயார் கோமளத்தம்மாள் கோயிலில் பக்திப் பாடல்கள் பாடுவார். அவருக்குப் பின் பிறந்த மூன்று குழந்தைகள் ஓராண்டு நிறைவதற்குள் இறந்து போயினர். இரண்டு வயதில் இராமானுஜனுக்கும் பெரியம்மை கண்டது. அவர் பிழைத்துக்கொண்டார். தாயார் தம் மூத்த மகன் மீது உயிரையே வைத்திருந்ததில் வியப்பில்லை.

1897இல் தொடக்கப்பள்ளித் தேர்வில் மாவட்டத்திலேயே முதல் மாணவராகத் தேறிய இராமானுஜன், மறு ஆண்டு கும்பகோணம் நகர உயர்நிலைப்பள்ளியில் சேர்ந்தார். ஓர் எண்ணை அதே எண்ணால் வகுத்தால் ஒன்று கிடைக்கும் என்று ஆசிரியர் கற்பித்தபோது, சுழியத்தைச் சுழியத்தால் வகுத்தாலும் ஒன்றுதானா என்று இவர் கேட்டதாக ஒரு செய்தி வழங்கி வருகிறது. குடும்ப வருமானம் போதாததால் வீட்டில் கல்லூரி மாணவர்களைத் தங்கவைத்துச் சோறு போட்டு வந்தனர். அம்மாணவர்கள் அறிந்திருந்த கணிதத்தை எல்லாம் இச்சிறுவர் விரைவிலேயே கற்றுத் தீர்த்துவிட்டார். பிறகு லோனி என்பவர் எழுதிய திரிகோணகணித நூலை இரவல் வாங்கி, 13 வயதுக்குள் தாமாகவே படித்து முடித்தார்.

1903ஆம் ஆண்டு, ஏறக்குறைய 16 வயதில், அவர் வாழ்க்கையைத் திருப்பிய நூல் அவர் கைக்கு வந்தது. கார் என்ற பெயருடைய ஆங்கிலேயர் தொகுத்தது அது. கார் பெரிய கணித அறிஞர் அல்லர். தேர்வெழுதும் மாணவர்களுக்குத் தனிவகுப்பு நடத்தியவர். தம் மாணவர்கள் மனத்தில் இருத்த வேண்டிய ஏறத்தாழ 5,000 கணித முடிவுகளை வரிசையாக எண்ணிட்டு அந்நூலில் தந்திருந்தார். பெரும்பாலானவற்றுக்கு விளக்கம் ஓரிரு வரிதான். பலவற்றுக்கு அதுவும் இல்லை. வேறு யாராக இருந்தாலும் மூடி வைத்திருக்கக்கூடிய வறண்ட நூல். இராமானுஜனுக்கோ ஒவ்வொரு வரியும் ஒரு வீட்டுப்பாடம் ஆயிற்று. அந்த முடிவு எப்படி வந்தது என்று தாமே கண்டுபிடிப்பார். அதிலிருந்து நூலில் இல்லாத இன்னொரு முடிவுக்குத் தாவுவார். அந்த வீட்டுப்பாடத்தைக் கொடுத்தவரும் இல்லை, திருத்தியவரும் இல்லை. ஒரு முடிவை எழுதினால் போதும், அதற்கு வந்த வழியை எழுத வேண்டியதில்லை என்ற பழக்கமும் அந்நூலிலிருந்தே அவருக்கு ஒட்டிக்கொண்டது எனலாம்.

அப்பழக்கத்துக்கு வறுமையும் துணை நின்றது. தாள் விலை அதிகம். ஆகவே வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, மடியில் பெரிய சிலேட்டை வைத்துக்கொண்டு கணக்குப் போடுவார். சிலேட்டு நிறைந்ததும் துணி தேட நேரமின்றி முழங்கையாலேயே அழிப்பார். இறுதி விடை மட்டும் குறிப்பேட்டில் ஏறும். அதற்கு இட்டுச் சென்ற படிகள் எல்லாம் முழங்கையில் சுண்ணப்பொடியாக ஒட்டிப் போகும். சில சமயம் எழுதிய தாளின் மேலேயே சிவப்பு மையால் மீண்டும் எழுதுவதும் உண்டு.

1904இல் கணிதத்துக்கான பரிசுடன் பள்ளிப் படிப்பை முடித்து, உதவித்தொகையோடு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். பிற பாடங்களை அவர் திரும்பியும் பார்க்கவில்லை. ஆங்கிலக் கட்டுரையில் தோல்வியுற்றார், உதவித்தொகை நின்றது. வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்குப் புறப்பட்டுப் போனார். 1906இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து மீண்டும் முயன்றார். உடலியல் முதலிய பாடங்கள் காலை வாரின. மறு ஆண்டும் அதே கதை. பட்டம் இல்லை, வேலை இல்லை, சில நாள்களில் வயிறாரச் சோறும் இல்லை. 1909இல் ஜானகி என்ற பத்து வயதுச் சிறுமியைத் தாயார் அவருக்கு மணமுடித்து வைத்தார். அக்காலத்தில் அது வழக்கமாக இருந்தது. இனி ஏதேனும் ஒரு வேலை தேடியே ஆக வேண்டும்.

அதே 1909ஆம் ஆண்டுதான் கெடா மாநிலம் சயாமின் ஆதிக்கத்திலிருந்து பிரிட்டிஷாரின் ஆதிக்கத்துக்கு மாறியது. அக்காலத்தில் மலாயாவின் மேற்குக் கரையெங்கும் காடுகள் அழிக்கப்பட்டு ரப்பர் தோட்டங்கள் எழுந்துகொண்டிருந்தன. இராமானுஜனின் கும்பகோணம் அடங்கிய தஞ்சை மாவட்டத்திலிருந்தும் அண்டை மாவட்டங்களிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கினர். அவர்களில் பலர் பீடோங் போன்ற வட்டாரங்களின் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்தனர். அவர்களுடைய பிள்ளைகளில் எத்தனை பேருக்கு எண்களின் மேல் நாட்டம் இருந்தது என்பதைக் கணக்கெடுத்தவர் எவரும் இல்லை. இராமானுஜனும் ஏறத்தாழ அப்படி மறைந்து போயிருக்க வேண்டியவர்தாம். அவர் கையில் இருந்த குறிப்பேடுகளும், அவற்றைப் பிரித்துப் பார்க்க முன்வந்த சிலரும் அவரைக் காத்தனர்.

அச்சிலரில் முதல்வர் இராமசாமி ஐயர். இந்தியக் கணிதக் கழகத்தை 1907இல் நிறுவிய அவர், திருக்கோவிலூரில் துணை ஆட்சியராக இருந்தார். 1910இல் எழுத்தர் வேலை கேட்டு வந்த இராமானுஜனின் குறிப்பேட்டைப் பார்த்ததும், இவரை இந்த அலுவலகத்தில் அடைத்து வைப்பது தகாது என்று உணர்ந்து, சென்னையிலிருந்த கணித நண்பர்களிடம் அனுப்பி வைத்தார். நெல்லூர் ஆட்சியர் இராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்து ஆதரித்தார். 1911இல் கழகத்தின் இதழில் இராமானுஜனின் முதல் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. அதே இதழில் வாசகர்களுக்கு அவர் விடுத்த ஒரு கணக்கு புகழ்பெற்றது:

√(1 + 2√(1 + 3√(1 + 4√(1 + …))))

முடிவே இல்லாமல் நீளும் இந்த வர்க்கமூலங்களின் மதிப்பு என்ன? ஆறு மாதங்கள் காத்திருந்தும் எவரும் விடை அனுப்பவில்லை. இராமானுஜனே தந்த விடை 3. அதன் அடிப்படை படிவம் ஒன்று மாணவருக்கும் எட்டக்கூடியதே. 3 என்பது 9இன் வர்க்கமூலம்; 9 என்பது 1 + 2 × 4. அந்த 4 என்பது 16இன் வர்க்கமூலம். 16 என்பது 1 + 3 × 5. அந்த 5 என்பது 25இன் வர்க்கமூலம். 25 என்பது 1 + 4 × 6. இப்படியே போய்க்கொண்டிருக்கலாம். ஓர் எண்ணின் வர்க்கம், அதன் இருபுறமும் உள்ள எண்களின் பெருக்குத்தொகையை விட ஒன்று கூடுதலாக இருக்கும் என்ற எளிய உண்மையைத்தான் அவர் ஒன்றனுள் ஒன்றாக மடித்து வைத்திருந்தார். இந்த மடிப்பு முடிவின்றித் தொடர்ந்தாலும் மதிப்பு 3 ஆகவே நிற்கும் என்று காட்டுவது மட்டும் இதைவிடக் கடினமான வேலை.

1912ஆம் ஆண்டு மார்ச் மாதம் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது. வேலை நேரத்திலும், துறைமுகத்தில் கிடந்த பொட்டலத் தாள்களைப் பொறுக்கிக் கணக்குப் போடுவார் என்பர். அவருடைய மேலாளர் நாராயண ஐயரும் கணிதம் அறிந்தவராக வாய்த்தது நற்பேறு. மாலையில் இருவரும் சிலேட்டுகளோடு அமர்வார்கள். நண்பர்களின் தூண்டுதலால் இராமானுஜன் இங்கிலாந்துக் கணித அறிஞர்களுக்குக் கடிதம் எழுதினார். இருவரிடமிருந்து ஆதரவான பதில் வரவில்லை. 1913ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள் மூன்றாமவருக்கு எழுதினார். அவர்தாம் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியின் ஹார்டி.

நூற்றுக்கும் மேற்பட்ட முடிவுகள், செய்முறை ஒன்றுமில்லை. முதலில் இதை ஏமாற்று வேலை என்று ஐயுற்ற ஹார்டி, அன்று இரவே தம் நண்பர் லிட்டில்வுட்டுடன் அமர்ந்து அத்தாள்களை ஆராய்ந்தார். சில முடிவுகள் ஏற்கெனவே அறியப்பட்டவை. சில மிகக் கடினமாக நிரூபிக்கத்தக்கவை. வேறு சில, அவர்கள் வாழ்நாளில் கண்டறியாதவை. அவை பொய்யாக இருக்க முடியாது, இவ்வளவு கற்பனை வளம் எந்த ஏமாற்றுக்காரருக்கும் இருக்காது என்ற முடிவுக்கு ஹார்டி வந்தார். ஆயினும் அவர் எழுதிய பதிலில் நிரூபணங்களைக் கேட்டார். அவர் கேட்டது நியாயமே. பகா எண்களைப் பற்றி இராமானுஜன் துணிந்து எழுதியிருந்த சில முடிவுகள் தவறானவை என்று பின்னர்த் தெரிய வந்தது. விடையை மட்டும் பார்த்தவருக்கு அந்தத் தவறு எங்கே நுழைந்தது என்று கண்டுபிடிக்க வழியில்லை.

ஹார்டியின் பதில் சென்னையின் கதவுகளைத் திறந்தது. சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை அளித்தது. கேம்பிரிட்ஜ் செல்வதற்கு மட்டும் தடை இருந்தது. கடல் கடந்தால் சாதியிழப்பு என்று அவர் குடும்பம் நம்பியது. அதே கரையிலிருந்து ஏழை மக்கள் கூட்டம் கூட்டமாக மலாயாவுக்குக் கடல் கடந்துகொண்டிருந்தது வேறு கதை. குலதெய்வமான நாமக்கல் நாமகிரித் தாயார் கனவில் வந்து இசைவளித்ததாகக் கோமளத்தம்மாள் கூறிய பிறகே வழி பிறந்தது. குடுமி எடுக்கப்பட்டது. 1914ஆம் ஆண்டு மார்ச் 17ஆம் நாள் கப்பல் புறப்பட்டது. ஜானகி ஊரிலேயே தங்கினார்.

ஹார்டி முன் இருந்த பணி எளிதன்று. முறையான நிரூபணத்தைக் கற்பிக்கவும் வேண்டும். கற்பிக்கும் வேகத்தில் அந்த ஊற்று அடைபட்டுப் போகவும் கூடாது. இருவரும் சேர்ந்து செய்தவற்றுள் ஒன்று எண் பிரிப்பு. 4 என்ற எண்ணை 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என ஐந்து வகையாகப் பிரிக்கலாம். 10ஐ 42 வகையாகப் பிரிக்கலாம். 100ஐ? 190,569,292 வகை. இதை ஒவ்வொன்றாக எழுதிப் பார்க்காமலேயே கணக்கிட உதவும் சூத்திரத்தை இருவரும் 1918இல் வெளியிட்டனர். 200 வரை பொறுமையாகக் கையால் கணக்கிட்டிருந்த மக்மகான் என்பாரின் விடையோடு அச்சூத்திரம் ஒத்துப்போயிற்று. அதற்கு முன்பே, தமக்குக் கீழுள்ள எந்த எண்ணையும்விட அதிகக் காரணிகளைக் கொண்ட 12, 24, 36, 48, 60 போன்ற எண்களைப் பற்றிய ஆய்வுக்காக 1916இல் இராமானுஜனுக்குப் பட்டம் கிடைத்தது. இருமுறை தேர்வில் தோற்றவர் பெற்ற பட்டம் அது.

உடல் மட்டும் ஒத்துழைக்கவில்லை. அவர் சைவ உணவே உண்பவர், தாமே சமைத்துக்கொள்வார். போர்க்காலத்தில் காய்கறியும் பழமும் கிடைப்பதே அரிதாயிற்று. குளிரில் நடுங்கியபடி மேலங்கியோடு உறங்கிய அவருக்கு, படுக்கையில் இழுத்துச் செருகியிருந்த கம்பளிகளுக்குள் புகுந்து உறங்க வேண்டும் என்பதைக் கூட மகலனோபிஸ் என்ற வங்க மாணவர்தாம் சொல்லிக் கொடுத்தார். ஊருக்கும் கேம்பிரிட்ஜுக்கும் இடையே கணவன் மனைவியின் கடிதங்கள் ஒழுங்காகச் சென்று சேரவில்லை. 1917இல் அவர் நோயில் விழுந்தார். மருத்துவமனையில் பார்க்க வந்த ஹார்டி, தாம் வந்த வாடகை வண்டியின் எண் 1729, சுவையற்ற எண் என்றார். உடனே இராமானுஜன் மறுத்தார். இரண்டு கனங்களின் கூட்டுத்தொகையாக இரண்டு வகையில் எழுதக்கூடிய எண்களில் அதுவே மிகச் சிறியது என்றார். 1இன் கனத்தோடு 12இன் கனத்தைக் கூட்டினாலும், 9இன் கனத்தோடு 10இன் கனத்தைக் கூட்டினாலும் 1729 கிடைக்கும். 1918இல் இலண்டன் ராயல் கழகம் அவரை உறுப்பினராக்கியது. டிரினிட்டி கல்லூரியின் ஆய்வுறுப்பினரான முதல் இந்தியரும் அவரே.

1919இல் தாயகம் திரும்பியபோது அவர் உடல் மெலிந்திருந்தது. சென்னையில் ஜானகி அருகிருந்து பணிவிடை செய்தார். படுக்கையில் கிடந்தபடியே இராமானுஜன் எழுதிக்கொண்டே இருந்தார். 1920ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள், 32ஆம் வயதில் காலமானார். கடல் கடந்தவர் என்பதால் ஆசாரம் மிகுந்த உறவினர் பலர் இறுதிச் சடங்குக்கு வரவில்லை. இருபத்தொரு வயதில் கைம்பெண்ணான ஜானகி, பின்னர்த் தையல் வேலை செய்து தம் வாழ்க்கையை நடத்தினார். 1994 வரை வாழ்ந்தார்.

கணவர் கடைசி ஓராண்டில் எழுதிய தாள்கள் சென்னையிலிருந்து ஹார்டியிடம் சென்று, பிறகு கேம்பிரிட்ஜ் நூலகப் பெட்டியொன்றில் கவனிப்பாரற்றுக் கிடந்தன. 1976இல் அமெரிக்கரான ஆண்ட்ரூஸ் அவற்றைக் கண்டெடுத்தார். நூற்றுக்கும் மேற்பட்ட பக்கங்கள், 600க்கும் மேற்பட்ட சூத்திரங்கள். பெரும்பாலானவற்றுக்கு இங்கும் செய்முறை இல்லை. ஆண்ட்ரூஸும் பெர்ன்ட் என்ற மற்றொரு கணித அறிஞரும் அவற்றுக்கு நிரூபணங்களைத் திரட்டி எழுதத் தொடங்கினர். முதல் தொகுதி 2005இல் வெளிவந்தது. ஐந்தாவதும் இறுதியுமான தொகுதி வெளிவந்தது 2018இல்.