செங்கல் தந்த செம்மல் நாராயண பிள்ளை

1819ஆம் ஆண்டு பினாங்கிலிருந்து இராஃபிள்சுடன் சிங்கப்பூரில் கால்பதித்தவர் வள்ளல் நாராயண பிள்ளை அவர்கள். கட்டடங்களின் தேவை பெருகக் கண்டு, தஞ்சோங் பகாரில் இந்நாட்டின் முதல் செங்கற்சூளையை நிறுவினார். பினாங்கிலிருந்து கொத்தனார்களையும் தச்சர்களையும் வரவழைத்தார். துணி வணிகத்திலும் ஈடுபட்டார்.

1822இல் அவருடைய துணிக்கடை தீக்கிரையாயிற்று, கடன் சூழ்ந்தது. எனினும் மனந்தளராது மீண்டும் உழைத்து நிமிர்ந்தார். 1827இல் சவுத் பிரிட்ஜ் சாலையில் சின்ன அம்மனைப் பிரதிட்டை செய்து ஆலயம் எழுப்பினார்.

ஊரார் மனைகளுக்குச் செங்கல் தந்தவர் அன்னைக்கு அன்று அமைத்தது மரமும் அத்தாப்பும் கொண்ட எளிய குடிலே. 1843இல் அது செங்கற் கோயிலாயிற்று. 1973இல் ஸ்ரீ மாரியம்மன் ஆலயம் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது.

வசதி வரட்டும், பிறகு திருப்பணி செய்வோம் என்று எண்ணும் நமக்கு, இழப்பிலிருந்து எழுந்த ஐந்தே ஆண்டுகளில் அவர் எழுப்பிய அக்குடில் என்றும் நல்வழி காட்டுவதாகும்.