எந்தக் குறையைத் தாங்கலாம்?

மாணவர்களே, கிள்ளான் பக்கத்துக் கடலில் அலைச்சறுக்கு விளையாட முடியாது. மலாக்கா நீரிணையில் அதற்கேற்ற பெரிய அலைகள் எழுவதில்லை. நம் நாட்டில் அதைப் பார்க்க வேண்டுமானால் வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் பகாங்கின் செராத்திங் போன்ற கடற்கரைக்குப் போக வேண்டும். ஆனாலும், வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடத்தில் எந்த வேலைக்கு எந்தப் பொருள் என்ற கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு ஓர் அலைச்சறுக்கு வீரரின் வாழ்க்கைதான் நினைவுக்கு வருகிறது.

அவர் டியூக் கஹானாமோக்கு. 1890இல் ஹவாயின் ஹொனலூலுவில் பிறந்தவர். 1912இல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் நீச்சலில் தங்கம் வென்றார். முதல் உலகப் போரால் 1916 ஒலிம்பிக் நடக்கவில்லை. 1920இல் ஆண்ட்வெர்ப்பில் மீண்டும் தங்கம் வென்றார். மொத்தம் 3 தங்கம், 2 வெள்ளி. இத்தனை இருந்தும், உலகம் அவரை அலைச்சறுக்கின் தந்தை என்றே அழைக்கிறது.

அவர் இளைஞராக இருந்தபோது பலகை என்றால் முழு மரம்தான். 1914இல் சிட்னி சென்றபோது, அங்கே கிடைத்த பைன் மரத்தில் தம் கையாலேயே ஒரு பலகை செதுக்கி, பிரெஷ்வாட்டர் கடற்கரையில் அலைமேல் நின்று காட்டினார். ஹவாயின் கோவா மரத்தில் செய்த அவருடைய புகழ்பெற்ற பலகையின் நீளம் 16 அடி, எடை ஏறக்குறைய 52 கிலோ. ஓர் அரிசி மூட்டையைக் கடலுக்குத் தூக்கிச் செல்வது போலத்தான். மரம் உறுதியானது, ஆனால் கனமானது, திருப்புவது கடினம். ஆளைவிட்டு நழுவினால் மற்றவர்மேல் மோதிக் காயப்படுத்தும்.

கலிபோர்னியாவில் 1925 ஜூன் மாதம் ஒரு படகு பேரலையில் கவிழ்ந்தது. டியூக் தம் பலகையுடன் கடலில் பாய்ந்து, மீண்டும் மீண்டும் போய் 8 பேரைக் கரைசேர்த்தார். 17 பேர் இறந்துபோனார்கள். நீச்சலில் உலகப் புகழ் பெற்றவரால்கூட வெறுங்கையோடு அத்தனை பேரை இழுத்து வந்திருக்க முடியாது. கரையில் சுமையாக இருந்த பலகை, கடலில் மிதந்து உயிர்களைத் தாங்கியது.

எடையைக் குறைக்க டாம் பிளேக் என்பவர் உள்ளே வெற்றிடம் கொண்ட பலகையைச் செய்து, 1932இல் காப்புரிமை பெற்றார். எடை குறைந்தது, ஆனால் இணைப்புகள் வழியே நீர் கசிந்தது. அதை வடிக்கத் துளையும் அடைப்பானும் தேவைப்பட்டன. பால்சா மரம் இன்னும் இலேசானது. மேல்பூச்சு விரிசல் விட்டால் நீரைக் குடித்துக் கனத்துவிடும். நம் தமிழக மீனவர்களுக்கும் இந்தச் சிக்கல் தெரியும். கட்டுமரத்தைக் கரையேற்றியதும் கட்டுகளை அவிழ்த்து மரங்களைக் காயவைப்பது அதனால்தான்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கண்ணாடி இழையும் பிசினும் வந்தன. 1950களின் இறுதியில் பாலியூரித்தேன் நுரை பரவியது. பலகையை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடக்கலாம் என்ற நிலை வந்தது. ஆனால் மேலோடு மெல்லியது; கல்லில் பட்டால் உடையும், வெயிலில் நுரை மஞ்சளாகும். உடைந்த பலகை மண்ணில் மட்கவும் மட்காது. அதற்கு மாற்றாக வந்த பாலிஸ்டைரின் நுரையைப் பாலியெஸ்டர் பிசின் கரைத்துவிடும். விலை கூடிய எபாக்சி பிசின்தான் பூச வேண்டும்.

டியூக் 1968இல் தமது 77ஆம் வயதில் காலமானார். முழு மரத்திலிருந்து நுரை வரை எல்லா மாற்றங்களும் அவர் வாழ்நாளிலேயே நடந்தன. ஒவ்வொரு புதுப்பொருளும் பழைய குறை ஒன்றைத் தீர்த்து, புதுக் குறை ஒன்றைக் கொண்டு வந்தது.

பள்ளித் திட்டப்பணிக்குப் பொருள் தேர்ந்தெடுக்கும்போது, எது சிறந்தது என்று மட்டும் எழுதாதீர்கள். அதன் குறை என்ன, உங்கள் வேலைக்கு அந்தக் குறை தாங்கக்கூடியதா என்பதையும் எழுதுங்கள். அலைமேல் விளையாட வருபவருக்கு 52 கிலோ பெரும் குறை. ஆனால் நடுக்கடலில் தத்தளிப்பவருக்குப் பலகை மிதக்கிறதா என்பது ஒன்றுதான் கேள்வி.