முதியோர் இல்லம் கண்ட மூதாட்டி

அடிமைகளை மீட்ட வீராங்கனை என்றே ஹாரியட் டப்மன் அம்மையாரை நம்மில் பலர் அறிவோம். முதுமையில் அவர் ஆற்றிய தொண்டு அத்துணை பரவலாக அறியப்படவில்லை. அதனைக் குறித்தே இங்கு எழுத விழைகிறேன்.

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், 1822ஆம் ஆண்டு வாக்கில், கறுப்பின அடிமைப் பெற்றோருக்குப் பிறந்தார் ஹாரியட். அவருடைய இளம் வயதில், தப்பியோடிய வேறோர் அடிமையை நோக்கி மேற்பார்வையாளன் வீசிய எடைக்கல் அவர் தலையைத் தாக்கியது. அன்று தொடங்கிய தலைவலியும், திடீரென உறக்கத்தில் ஆழ்ந்துவிடும் நோயும் வாழ்நாள் முழுவதும் அவரை விடவில்லை. 1849இல் வடக்கே தப்பிச் சென்றவர், சுமார் 13 முறை இரகசியமாகத் திரும்பிச் சென்று, ஏறத்தாழ 70 பேரை மீட்டு வந்தார்.

அடிமைச் சந்தையில் வலிமை மிக்க இளைஞன் ஆயிரம் டாலருக்கு மேல் விலைபோன காலம் அது. விடுதலை பெற்றிருந்த ஹாரியட்டின் தந்தை, 1855இல் தம் மனைவியை உரிமையாளரிடமிருந்து வாங்கியபோது கொடுத்த விலை வெறும் 20 டாலர்! உழைத்து ஓய்ந்த உடலுக்கு அவ்வளவுதான் மதிப்பு. 1857இல் அந்த முதிய பெற்றோரை ஹாரியட் கனடாவுக்கு அழைத்துச் சென்றார். அந்நாட்டுக் குளிர் அவர்களுக்கு ஒவ்வாததால், 1859இல் நியூயார்க் மாநிலத்து ஆபர்ன் நகரில் வீடு வாங்கிக் குடியமர்த்தினார்.

உள்நாட்டுப் போரில் செவிலியாகவும் ஒற்றராகவும் பணிபுரிந்தார். 1863இல் காம்பாகி ஆற்றுப் படையெடுப்பில் 700க்கும் மேற்பட்ட அடிமைகள் விடுதலை பெற வழிகாட்டினார். ஆயினும் போர் முடிந்து முப்பது ஆண்டுகள் சென்ற பின்னரே, அதுவும் படைவீரர் ஒருவரின் விதவை என்ற முறையில், மாதம் 8 டாலர் ஓய்வூதியம் கிடைத்தது. 1899இல்தான் அது 20 டாலராயிற்று.

1900இல் அமெரிக்காவில் பிறந்த வெள்ளைக் குழந்தையின் சராசரி ஆயுள் சுமார் 47 ஆண்டுகள். கறுப்பினக் குழந்தைக்கோ சுமார் 33தான். அதையும் கடந்து முதுமை எய்தியோரின் நிலை என்ன? கூலியின்றி உழைத்தவருக்குச் சேமிப்பு ஏது? விற்கப்பட்டுப் பிரிந்த பிள்ளைகள் எங்கே? வெள்ளையர் நடத்திய முதியோர் இல்லங்கள் பலவற்றின் கதவுகள் அவர்களுக்குத் திறக்கவில்லை.

ஆகவே அம்மையார் 1896இல் தம் வீட்டையடுத்த 25 ஏக்கர் நிலத்தை ஏலத்தில் எடுத்தார். நடத்தப் பொருளின்றி, 1903இல் அதனைத் தாம் சார்ந்த திருச்சபைக்கு அளித்தார். 1908இல் இல்லம் திறக்கப்பட்டது. ஆனால் சேர விரும்புவோர் 100 டாலர் கட்ட வேண்டும் என்று நிர்வாகம் விதித்ததும் அவர் வருந்தினார். ஒன்றுமே இல்லாதவர்க்கு மட்டுமே இடம் என்பதுதான் அவர் விரும்பிய விதி. 1911இல் உடல் நலிந்து தாமே அவ்வில்லத்தில் சேர்ந்த அவர், 1913 மார்ச் 10ஆம் நாள் நுரையீரல் அழற்சியால் மறைந்தார்.

முதுமையின் நோய்கள் முதுமையில் மட்டும் தோன்றுவன அல்ல என்பதை, அறிவியல் பயிலும் நான் இவ்வரலாற்றில் காண்கிறேன். இளமையில் விழுந்த அடியும், மறுக்கப்பட்ட கூலியும் இறுதிவரை உடன் வருகின்றன. எழுதப் படிக்க அறியாத அம்மையார் இதனைத் தம் வாழ்விலேயே உணர்ந்திருந்தார். பட்டம் பெறப்போகும் நாம், முதியோருக்கெனத் திட்டம் தீட்டும் நிலைக்கு உயரும்போது, வாயிலில் நூறு டாலர் கேட்கும் விதியை எழுதாதிருப்போமாக!