ஜான் வான் நியூமன்

ஜான் வான் நியூமன் (டிசம்பர் 28, 1903 - பெப்ரவரி 8, 1957) ஹங்கேரியில் பிறந்த அமெரிக்கக் கணிதவியலாளர் ஆவார். கணினியியல், குவாண்டம் இயற்பியல் ஆகிய துறைகளிலும் பங்களித்துள்ளார். ஆட்டக் கோட்பாட்டை நிறுவியவர்களுள் முதன்மையானவர். போக்கர் சீட்டாட்டத்தில் 'பிளஃப்' செய்வதற்குக் கணித அடிப்படை உண்டு என்பதைக் காட்டியவரும் இவரே.

வாழ்க்கைக் குறிப்பு

புடாபெஸ்ட் நகரில் வங்கியாளர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். 1926 இல் சூரிச்சில் வேதிப் பொறியியல் பட்டயமும், புடாபெஸ்டில் கணிதத்தில் முனைவர் பட்டமும் பெற்றார். 1930 இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் நகருக்கு வந்தார். 1933 முதல் அங்குள்ள உயர் ஆய்வு நிறுவனத்தில் பேராசிரியராக இருந்தார். 1937 இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார்.

ஆட்டக் கோட்பாடு

சதுரங்கத்தில் இருவருக்கும் எல்லாக் காய்களும் தெரியும். போக்கரில் எதிராளியின் சீட்டுகள் தெரியா. இத்தகைய ஆட்டங்களுக்கும் சிறந்த உத்தி உண்டா என்பதே வான் நியூமன் ஆராய்ந்த வினா. பிரான்சின் எமீல் போரெல் 1921 முதல் இதுபற்றி எழுதியிருந்தார். எனினும் பொதுவான நிறுவலை 1928 இல் வெளியிட்டவர் வான் நியூமனே. ஒருவரின் இழப்பு மற்றவரின் ஈட்டமாக அமையும் இருவர் ஆட்டத்தில், தெரிவுகளைக் குறித்த நிகழ்தகவுகளில் கலந்து ஆடினால், எதிராளி எவ்வாறு ஆடினாலும் சராசரியில் ஒரு குறித்த அளவுக்குக் கீழே போகாமல் காத்துக்கொள்ளலாம் என்பது அதன் சாரம்.

போக்கரும் பிளஃபும்

வலுவற்ற சீட்டுகளை வைத்துக்கொண்டு பெருந்தொகை கட்டுவது பிளஃப் எனப்படும். 1944 இல் பொருளியலாளர் ஆஸ்கர் மோர்கன்ஸ்டேர்னுடன் இணைந்து எழுதிய ஆட்டக் கோட்பாட்டு நூலில், இருவர் ஆடும் எளிமையாக்கப்பட்ட போக்கரை வான் நியூமன் ஆராய்ந்தார். வலுவான சீட்டுகளுடன் எப்போதும் உயர்ந்த பந்தயமும், வலுவற்றவற்றுடன் சிற்சில வேளைகளில் மட்டும் உயர்ந்த பந்தயமும் கட்டுவதே அதில் சிறந்த உத்தி.

எதிராளியை அஞ்சி விலகச் செய்வது பிளஃபின் ஒரு பயன் மட்டுமே. வலுவான சீட்டுகளுக்கு மட்டுமே பெருந்தொகை கட்டுபவரிடம் எதிராளி உடனே விலகிவிடுவார். நல்ல சீட்டுகளும் வீணாகும். பிளஃப் சில வேளை பிடிபடுவதால்தான் உண்மையான பந்தயத்துக்கும் எதிராளி பணம் கட்டுகிறார்.

எடுத்துக்காட்டாக, கடைசிச் சுற்றில் நடுவே 100 உரூபாய் இருக்க, ஒருவர் மேலும் 100 கட்டுவதாகக் கொள்வோம். அவர் கட்டும் மூன்று பந்தயங்களில் ஒன்று பிளஃபாக இருப்பின், எதிராளி தொடர்ந்தாலும் விலகினாலும் அவருக்குச் சராசரிப் பயன் ஒன்றே. மூன்றில் எது பிளஃப் என்பது தற்செயலாக அமையவேண்டும். ஒழுங்கு தெரிந்துவிட்டால் பயனில்லை.

பிற பணிகளும் மறைவும்

அணுகுண்டுத் திட்டத்தில் பங்குகொண்ட இவர், நிரலையும் தரவையும் ஒரே நினைவகத்தில் வைக்கும் கணினி அமைப்பை விளக்கும் அறிக்கையை 1945 இல் எழுதினார். 1955 இல் அமெரிக்க அணுசக்தி ஆணைய உறுப்பினரானார். அவ்வாண்டிலேயே புற்றுநோய் கண்டறியப்பட்டது. 1957 இல் வாஷிங்டனில் தமது 53 ஆவது வயதில் காலமானார்.